கரும்பில் பட்ட ரத்தம்

கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் செம்மங்குப்பம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். சுற்றியிருந்த கெமிக்கல் கம்பெனிகளிலிருந்து, அழுகிய முட்டையும் மருந்துக்கடையும் சேர்ந்தாற்போல ஒரு நெடி; அதற்கு எங்கள் தெருவில் 'கேஸு' என்று பெயர். கண் எரிந்தால் கேஸு, இருமினால் கேஸு, குழம்பு சீக்கிரம் ஊசிப்போனாலும் கேஸுதான். அதனால், நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 2004-ல், கம்பெனி வேலைக்குப் போய்வந்த அப்பாவின் ஈறுகள் சிவந்து வீங்கி, வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தம் கலந்து போனபோது, நாங்கள் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

ரத்தம் வருகிற இடத்தில் 'பிரஷ்ஷு' படக்கூடாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அம்மாவும் ஆமாம் என்றாள். அப்பா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பற்களில் மட்டும் விரலால் பொடியைத் தடவி, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொள்வார். ரத்தம் குறைந்தாற்போல இருந்தது, வாய் நாற்றம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதையும் கேஸின் தலையில் கட்டினோம்.

பொங்கல் கரும்பை அப்பா உரித்துக் கொடுத்தால்தான் நான் தின்பேன். பட்டையைப் பல்லால் 'சரக்'கென்று கிழித்துப் போட்டு, நடுத்துண்டை எனக்கு நீட்டுவார். அடுத்து வந்த பொங்கலன்று நீட்டிய துண்டில் ரத்தம் பட்டிருந்தது. எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. மாமா, அத்தை எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "ச்சீ, வாய் நாறுது, தள்ளிப் போப்பா" என்றேன். மாமா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார், சிரித்தபடியே தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசும்போது துண்டு, டிவி பார்க்கும்போது துண்டு. எனக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர வந்தாலும் ஒரு கை தூரம் தள்ளியே உட்காருவார்.

நான்கு வருடம் கழித்து, கீழ்ப்பற்கள் ஆடிச் சோறு மெல்ல முடியாமல் போனபிறகுதான் சிதம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு நான். டாக்டரம்மா கேஸு கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார், இருந்தது. பல்லோரத்து அழுக்கைத் தேய்க்காமல் விட்டால் காரையாக இறுகி ஈறைப் பல்லிலிருந்து பிரித்துவிடும், அடியிலுள்ள எலும்பு கரையும், சர்க்கரை அதை இன்னும் வேகப்படுத்தும் என்றார். "ரத்தம் வந்தா தேய்க்கிறத நிறுத்தக் கூடாதுங்க. மெதுவா, நல்லா தேய்க்கணும். அப்பவே வந்து சுத்தம் பண்ணியிருந்தா இந்தப் பல்லெல்லாம் நின்னுருக்கும்." நாலு பல்லை எடுத்தாக வேண்டும், மற்றதை ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றார்.

அப்பா பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் மருந்து வாங்கப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாத்தம் போயிடுமாம்மா? பொண்ணு பக்கத்துல வரமாட்டேங்குது."

நான் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன்.

மூன்று நான்கு தடவை போய்வந்ததில் ஈறு வற்றி, ரத்தம் நின்று, நாற்றமும் போய்விட்டது. துண்டுதான் போகவில்லை. எடுத்துடுப்பா, இப்ப ஒண்ணும் நாறல என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சம், வீண் ரோஷம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருடம் கடத்தினேன். 2012-ல் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அப்பா போய்விட்டார்.

இப்போது கடலூர் டவுனில் இருக்கிறேன். இங்கே கேஸு நெடி இல்லை. மகள் துப்பும் நுரையில் துளி ரத்தம் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். பொங்கலுக்குக் கரும்பைக் கத்தியால்தான் சீவுகிறோம், பல்லால் உரித்துத்தர வீட்டில் ஆள் இல்லை. சீவும்போதெல்லாம் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்ட நேரம் நினைவுக்கு வந்துவிடும். அந்த ரத்தம் பட்ட பொங்கலுக்கு ஏழு வருடம் கழித்து, அன்றுதான் அவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் குனிந்தேன். வாயில் துண்டு இல்லை. அப்பா தள்ளிப் போகவும் இல்லை.