தகரத்தில் காய்ந்த லேபிள்கள்

வத்தல்பொடியும் மல்லிப்பொடியும் அரைத்து, பெட்டி போட்டு வெளியூருக்கு அனுப்புவது என் மருமகளின் வியாபாரம். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டிலேயேதான் நடக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் குறை சொல்லும் வேலை. ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

சித்திரையில் லேபிள் அடிக்கிற மிஷின் ஒன்று வாங்கினாள். தூக்குச்சட்டி அளவுதான் இருக்கும். போனில் தட்டினால் விலாசமும், கோடுகோடாக ஒரு கட்டமும், அதன் கீழே நீளமாக ஒரு நம்பரும் ஸ்டிக்கரில் வந்துவிடும். மை ஊற்றும் ஓட்டையைத் தேடினேன். காணோம்.

"மையே வேணாம் அத்தே. சூடு பட்டா அந்தத் தாளே கறுத்துரும்."

"நம்ம ஊருத் தாளுதான் போல."

கேலி செய்ததோடு சரி. அவள் சொன்னதை நான் யோசிக்கவில்லை.

அந்த வாரம் சென்னைக் கடைக்காரர் ஒருவர், தன் வாடிக்கைக்காரர்கள் இருபது பேர் வீட்டுக்கு நேராகவே அனுப்பச் சொல்லியிருந்தார். சொன்ன நாளில் போனால் மாதாமாதம் ஆர்டர். தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கூரியர் வேன் மூன்று மணிக்கு வரும். மருமகள் காலையிலேயே இருபது பெட்டிக்கும் லேபிளை ஒட்டிவிட்டு, ஒரு சர்டிபிகேட் வாங்கத் திருச்சுழிக்குப் பஸ் ஏறினாள்.

முந்தின நாள் தூறலில் பெட்டிகளின் அட்டை நமுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெயில் காட்டாமல் எந்தச் சரக்கையும் வெளியே அனுப்பமாட்டோம். வத்தல் காயப்போடும் தகரத்தில் பெட்டிகளை வரிசையாகப் பரப்பினேன். மிச்சமிருந்த லேபிள் சுருளையும் விடவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். லேபிள் எல்லாம் தார் பூசினது போல இருந்தது.

"அத்தே, விலாசமெல்லாம் எங்க?"

"உள்ளதான் இருக்கும். நல்லாப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. சூடு பட்டால் தாள் கறுத்துவிடும் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

விலாசம் போனில் பத்திரமாக இருந்தது, மறுபடி அடிக்கலாம். தாளுக்குத்தான் மதுரைக்குப் போக வேண்டும். கறுத்த சுருளைக் கையில் எடுத்து, வெங்காயம் உரிப்பது போல உரித்தேன். நாலைந்து சுற்றுக்குக் கீழே வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ஏத்தா, மிஷினப் போடு."

பத்தொன்பது லேபிள் வந்தது. அதோடு சுருள் தீர்ந்துபோனது.

"கோடு வரைய நமக்கு வராது. அந்த நம்பரையாவது எழுதி ஒட்டு," என்றேன். போனைப் பார்த்து அந்த நம்பரையும் விலாசத்தையும் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டினாள்.

வேன்காரர் பத்தொன்பது பெட்டிக்கும் கோடு படிக்கும் கருவியைக் காட்டினார். கீக் கீக் என்று கத்தியது. இருபதாவதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, பரிச்ச எழுதிருக்கீக?"

"நம்பரத் தட்டிப் பாருங்கண்ணே," என்றாள் மருமகள்.

ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு கத்தியது. அந்தப் பெட்டியும் வேனில் ஏறியது.

வேன் தெருமுனை தாண்டியதும் மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே எதக் காயப்போட்டாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க அத்தே."

"கேக்கேன். ஆனா அட்டை நல்லாக் காஞ்சிருச்சுல்ல?"

மிஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.