போனோடு வந்த பிரவுசருக்கு நான் போட்ட மார்க்

செல்போன் கடைக்கு வருகிறவர்கள் கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். பிரவுசர் எப்படி என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. வீட்டுக்குப் போய் அதைத் திறந்த பிறகுதான் அவதி. நீங்களும் அப்படி அவதிப்படுகிறவர்தானே? அப்படியானால் மேலே படியுங்கள்.

தலைப்புக்கு வந்த ஆபத்து

நான் புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். மதியத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை. அங்கே பார்க்கிற கொடுமையையே புராஜெக்ட் ஆக்கினேன்: போனோடு சேர்ந்தே வரும் பிரவுசர் தேறுமா, தேறாதா? இது ஆராய வேண்டிய தலைப்புதான் என்று ரிவ்யூவில் நான் நிரூபிக்காவிட்டால், வருஷா வருஷம் யாராவது செய்து தொலைக்கிற லைப்ரரி சாஃப்ட்வேரை என் தலையில் கட்டிவிடுவார் கைடு சார். விடாமல் வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வந்ததோட வந்ததுல ஆராய என்னம்மா இருக்கு?"

நாங்கள் போட்ட செய்தி

எங்கள் கடையில் போன் வாங்கிய ஓர் ஆச்சி திருமயம் பக்கத்திலிருந்து வந்தார். பிரவுசரைத் திறந்தாலே நடிகை விவாகரத்து, தொப்பை குறைய வழி. இதையெல்லாம் தினமும் காலையில் கடையிலிருந்து நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று நினைத்திருந்தார். "போடுறதுன்னா தங்கம் வெலையப் போடுத்தா, எவ புருஷன் எங்கிட்டுப் போனா எனக்கென்ன?"

அது பிரவுசர் கம்பெனியின் வேலை, எங்களுடையது இல்லை என்று நானும் சளைக்காமல் பேசிக்கொண்டே, செட்டிங்ஸில் நுழைந்து செய்திகளை நிறுத்தினேன். பிரவுசருக்கு மார்க்கையும் குறைத்தேன். ஆச்சி போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "இத்தன சுளுவா? அன்னிக்கே எடுத்துட்டுக் குடுக்கக் கையா வலிச்சுச்சு ஒங்களுக்கு?"

பஸ்ஸில் நடந்த பந்தயம்

நான் தனியாக இறக்கி வைத்திருந்த பிரவுசர்தான் உசத்தி என்று வகுப்பில் எல்லோரிடமும் சண்டை போட்டவள் நான். வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் வீடு திரும்பும்போது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு. என்னுடையது சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் தோழி கவிதா, போனோடு வந்த பிரவுசரிலேயே டேட்டா சேமிக்கும் வசதியைப் போட்டு, அவள் ரிசல்ட்டைப் பார்த்து முடித்து என்னுடையதையும் பார்த்துவிட்டாள். குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "நீ பாஸ்டி. ஒன் பிரவுசர்தான் ஃபெயில்."

ஒட்டிக்கொள்ளும் வைரஸ்

கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், போனை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "வைரஸ் இருக்கு" என்று போனே கத்துகிறதாம். வீட்டம்மா போனுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று தனி அறையில் வைத்திருக்கிறார். ஏதோ ஒரு வெப்சைட் அனுப்பும் விளம்பரம் அது. அதற்கு யார் அனுமதி கொடுத்தது? அதே மாடலில் புதுப் போன் ஒன்றை நானே பிரித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

அப்புறம்தான் எங்கள் கடை சீனியர் செல்வம் அண்ணனைக் கவனித்தேன். புதுப் போனைக் கொடுக்குமுன் வாடிக்கையாளரின் குலதெய்வத்தை வால்பேப்பராக வைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். ஓசியில் படம் தரும் வெப்சைட்டுக்குப் போவார். பஸ் கிளம்பிவிடும் என்று வாடிக்கையாளர்கள் பறக்க, அது அனுமதி கேட்கிற இடத்திலெல்லாம் 'அலோவ்' என்று அமுக்குவார். படம் வரும், பின்னாலேயே விளம்பரமும் வரும். பிடித்துக்கொண்டேன். அண்ணன் அசரவில்லை. "சாமி படம் இறக்கையில 'அலோவ்'வான்னு கேட்டா, மாட்டேன்னா அமுக்குறது?"

ரிவ்யூ

ஒரே மாடலில் இரண்டு போன்களை மேசையில் வைத்தேன். ஒன்று நான் பிரித்தது, இன்னொன்று அண்ணன் கைபட்டது. பிரவுசரை மட்டும் எடைபோட்டால் போதாது, அதை முதலில் திறந்து கொடுக்கிற கையையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அய்யனார் படம் வைத்த போன் மட்டும் வைரஸ் வைரஸ் என்று அலறியது. அலறும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

தலைப்பு நிலைத்தது. மற்றவர்கள் எழுந்து போனதும் கைடு சார் தன் போனை மெல்ல என் பக்கம் தள்ளினார். "என்னோடதுல முருகன் இருக்காரும்மா. கொஞ்சம் பாத்து விடேன்."

கேட்டதற்கெல்லாம் 'அலோவ்' சொன்னால்தான் வருவேன் என்கிற சாமிக்கு இனி எங்கள் கடையில் இடமில்லை என்பதே என் ஆய்வின் முடிவுரை.