பிரான்ஸ் நேரத்தில் ஒரு வள்ளம்

போன கிழமை, பாரிஸில் மகனோடு இருக்கிற ரெஜினா அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. “தம்பி, மோன் புதுப் போன் வாங்கித் தந்தவன். உம்மடை வள்ளம் அதிலை ஏறுதில்லை. என்னெண்டு ஒருக்காப் பாரும்.”

வள்ளம் என்று அவர் சொன்னது நான் முன்பு எழுதிய ஒரு செயலியை. ஊர்காவற்துறையிலிருந்து எழுவைதீவுக்கு அடுத்த வள்ளம் வெளிக்கிட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் காட்டும். வேறு ஒன்றும் செய்யாது. அந்த நாட்களில் வெள்ளிக்கு ஒரு நேரம், ஞாயிறுக்கு ஒரு நேரம், பெருநாளென்றால் இன்னொன்று. துறைக்கு வந்தபின்தான் வள்ளம் போய்விட்டது தெரியும்.

ஊர்காவற்துறைக்குப் பக்கத்து நாரந்தனையிலிருந்து தினமும் யாழ்ப்பாணம் டவுனுக்கு வேலைக்குப் போய்வந்த எனக்கு அப்போது பைதான் என்ற கணினி மொழி மட்டும்தான் தெரியும். போனுக்கோ பைதான் தெரியாது. அதனால் நான் எழுதியதோடு, அதை வாசித்து இயக்குகிற பைதானையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டவேண்டியிருந்தது. “ஒரு வள்ளத்தின்ரை நேரம் பாக்க இவ்வளவு பெரிய மூட்டையோ?” என்று வேலை செய்த கந்தோரில் சிரித்தார்கள்.

எனக்கு அது பாலைதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் போகிற மாதிரியே இருந்தது. ஆளில்லாத தீவு, கடை கிடையாது. தண்ணீர்க் கான், விறகு, சட்டி என்று எல்லாவற்றையும் வள்ளத்தில் ஏற்றவேண்டும். ஒருமுறை எல்லாம் ஏற்றிப் போய், அடுப்பு மூட்டிய பிறகுதான் அம்மா சித்தியிடம் கேட்டார்: “உப்பு எங்கையடி?” சித்தி அசையவே இல்லை. “சுத்திவரக் கடல்தானே அக்கா!” அன்றைக்குக் குழம்பு எப்படியிருந்தது என்று நீங்கள் கேட்காமலிருப்பது நல்லது.

நானும் கட்டினேன். அந்தப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால் புளூடூத்தில்தான் கைமாறியது. துறையில் அனுப்பத் தொடங்கினால் எழுவைதீவு தெரியும்போது ஏறி முடிந்திருக்கும். எல்லாருடைய போனிலும் அச்சொட்டாக வேலை செய்தது. தலைகால் தெரியாத பெருமை எனக்கு.

ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு நான் ஊர்காவற்துறைத் துறையில் நின்றபோது, எழுவைதீவு வீட்டுக்குத் திரும்ப ரெஜினா அக்கா ஆறுதலாக நடந்து வந்தார். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். அதற்குள் புருசன் சவரிமுத்து அண்ணைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த இன்சுலின். வீட்டிலிருந்தது காலையோடு முடிந்துவிட்டது.

“வள்ளம் எங்கை தம்பி?”

“நாலு மணிக்கே போட்டுதக்கா. கடைசி வள்ளம்.”

“விசர்க் கதை கதையாதையும். இஞ்சை பாரும், இன்னும் ரெண்டரை மணித்தியாலம் கிடக்கு.”

உண்மைதான், அவருடைய போனில் அப்படித்தான் இருந்தது. அதே செயலி என் போனில் ‘இன்று இனி இல்லை’ என்றது. முதலில் ஆளை அனுப்பவேண்டும். வலை போட வெளிக்கிட்ட ஒரு வள்ளத்தை மறித்துக் கேட்டேன், ஏற்றினார்கள். அவர் ஏறுகிற நேரத்தில்தான் அவருடைய போனின் மூலையில் ஒன்றரை மணி என்றிருந்தது கண்ணில் பட்டது.

“அக்கா, போனிலை நேரம் பிழையெல்லோ?”

“பிழையில்லை, அது பிரான்ஸ் நேரம். மோன் வேலையாலை வாற நேரம் பாத்தெல்லே கோல் எடுக்கிறனான். ஓராளும் அதை மாத்தப்படாது!”

வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரைத் திறந்தேன். இலங்கை நேரத்தைப் பார்த்துக் கணக்கிடு என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் எந்த நாட்டுக்கு எந்த நேரம் என்கிற விபரக் கோப்பு கொம்பியூட்டரில் இருந்தது, பொதிக்குள் இல்லை. அது கிடைக்காத செயலி சத்தம் போடாமல் போனின் நேரத்தை எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாப் போன்களும் இலங்கை நேரத்தில் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் வேலையால் வருகிற நேரத்தைக் கையில் வைத்திருந்த தாய் ஒருவரால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பிழையென்றாலும், கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது ஒருவித சந்தோசம்தான். உப்பு இதுதான்!

அடுத்த நாள் அக்கா சொன்னார்: “என்னைக் கூட்ட நாலு மணி வள்ளத்துக்கெண்டு வந்த எங்கடை மனிசன் எழுவைதீவுத் துறையை விட்டு அசையேல்லை, தம்பி. இருட்டுப்பட நான் இறங்கேக்கையும் அதிலைதான் நிண்டவர்.” அதற்குப் பிறகு சில வருசங்கள்தான் சவரிமுத்து அண்ணை இருந்தார். பிறகு மகன் அக்காவைப் பாரிஸுக்குத் தன்னிடம் எடுப்பித்தான்.

இப்போதைய போன்கள் என் பழைய பொதியை ஏற்பதில்லை. திரும்பக் கட்ட உட்கார்ந்தபோது அக்காவை அழைத்தேன்.

“அக்கா, போனிலை எந்த நேரம் வைச்சிருக்கிறியள்?”

“எங்கடை ஊர் நேரம்தான். இஞ்சத்தையான் நேரத்தை வைச்சு நான் என்ன செய்ய?”

“வள்ளம் இப்ப வேறை நேரத்துக்கு ஓடுது. புது நேரத்தைப் போட்டுவிடட்டோ?”



“வேண்டாம், பழசே கிடக்கட்டும். நாலு மணி வள்ளத்துக்குத்தான் அவர் துறையிலை வந்து நிக்கிறவர்.”

அந்த வள்ளம் இப்போது இல்லை. துறையில் வந்து நிற்கிற அந்த மனிதரும் இல்லை. நான் பழைய நேரங்களையே வைத்து, நாடுகளின் நேரக் கோப்பையும் மறக்காமல் சேர்த்து, பொதியைக் கட்டி அனுப்பினேன்.