கிளிஞ்சல் தூளும் அப்பாவின் வெற்றிலையும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தை நாற்பது தடவை அளந்திருப்பேன். பஜ்ஜிக் கடையில் பொரித்து ஓய்ந்த எண்ணெயை டீசலாக மாற்றும் பிஎச்.டி. ஆராய்ச்சி, ஆறாவது வருஷம். பதினோரு மணிக்குத் தி.நகர் கல்லூரியில் பரிசோதகர்கள் முன்னால் செய்து காட்டணும். "இந்தத் தடவையும் டீசல் பிரியலேன்னா பதிவு ரத்துதான்" என்று கைடு சொல்லிவிட்டார்.

எண்ணெயும் மெத்தனாலும் தானாக வினைபுரியாது. தூண்டிவிட ஒரு வினையூக்கி வேணும். என்னுடையது கிளிஞ்சல். மீன் விற்கும் அக்கா அள்ளிக் கொடுத்ததை அடையாறு லேப் உலையில் ராத்திரி முழுக்கச் சுட்டு, பொடித்து, பாட்டிலில் இறுக அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஈரம் பட்டால் போச்சு. அதை வீட்டில் சொல்லத்தான் தோன்றவில்லை.

குளித்துவிட்டு வந்தால் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "அசல் கிளிஞ்சல் சுண்ணாம்புடி! இப்பல்லாம் எங்க கிடைக்கறது? தண்ணி விட்டு நீத்து வெச்சுட்டேன்."

பாட்டில் காலி. கிண்ணத்தில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவமே! ஒரு வெத்தலைக்காக என் ஆறு வருஷத்தையும் கரைச்சுட்டியேப்பா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

தி.நகரில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவர் சிரித்தே விட்டார். இன்னொருவர், "திங்கட்கிழமை வரைக்கும் டைம். அதோட சரி" என்றார்.

நீத்த சுண்ணாம்பை மறுபடி சுட்டால் பழைய குணம் திரும்பிவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உலைக்கு முன்னால் நடைதான். திங்கள் மத்தியானம் பரிசோதனைக் குடுவைக்குள் கோடு விழுந்தது. அடியில் கிளிசரின், மேலே தேன் நிறத்தில் டீசல். பரிசோதகர்கள் கையெழுத்துப் போட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வாய் சிவக்கவே இல்லை. மூணு நாளாகச் சுண்ணாம்பையே தொடவில்லை என்றாள் அம்மா. சீ, என்ன பெண் நான் என்று இருந்தது. மிச்சமிருந்த ஒரு ஸ்பூன் பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, சொம்புத் தண்ணீரைத் தெளித்தேன். உஸ்ஸென்று பொங்கியது.

அப்பா பதறி எழுந்தார். "ஐயையோ, அதுல தண்ணி படப்படாதேடி!"