எர்த் போல்ட்டுக்கு அடித்த பெயிண்ட்

எனக்கு வாய் நீளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தெரியும், வீட்டில் கணவருக்குத் தெரியும். 2005-இல் அது கூனிமேட்டு எலக்ட்ரீசியன் பாய்க்கும் தெரிந்துபோனது.

மாமனார் ஓட்டிய பழைய அம்பாசிடர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கணவர் உப்பளத்துக்கு மொபெட்டில் போய்விடுவார். மரக்காணத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுத்துப் போவது நான்தான். அந்த வருஷம் வெயில் காலம் முடிந்ததும் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் நிற்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியோ புதுசு.

கூனிமேட்டில் ரோட்டோரம் ஷெட் போட்டிருந்தார் பாய். உப்பு லாரிகள் எல்லாம் அவரிடம்தான் போகும். நாலு பேரை வைத்துத் தள்ளிக் கிளப்பி, வண்டியைக் கொண்டுபோனேன்.

"ஸ்டார்ட் பண்றப்ப எதாச்சும் சுடுதா டீச்சர்?"

"சோக் இழுக்குற குமிழத் தொட்டா சுடுது பாய்."

"அப்ப எர்த்துதான். பேட்டரியில இருந்து போற கரண்டு பாடி வழியா திரும்பி வரணும். அந்த வழி துரு புடிச்சு அடைச்சிருக்கு. அதான் இன்ஜினுக்குப் போற சோக் ஒயர்ல ஏறி வருது. நீங்க நிழல்ல உக்காருங்க, நான் கூப்புடுறேன்."

நான் தமிழ் டீச்சர். புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு எதிர்க்கடை நிழலில் போய் உட்கார்ந்தேன். பாய் கூப்பிட்டதும் போய்ப் பார்த்தேன். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் செம்புப் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கியிருந்தார். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையும் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டியதாகச் சொன்னார். சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கும் நாள். எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் இரும்பென்று எது கண்ணில் பட்டாலும் அடித்துவிடுவோம். கேட், ஜன்னல் கம்பி, பம்ப்செட். இல்லாவிட்டால் உப்புக் காற்று தின்றுவிடும். டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பானட்டைத் திறந்தேன். பாய் தேய்த்த இடம் பளிச்சென்று அம்மணமாக நின்றது. 'என்ன மனுஷன், இப்படி விட்டுட்டாரே' என்று நினைத்தேன். மேலாகப் பூசினால் அடியில் உப்பு ஏறும் என்பதால், ஸ்பேனர் போட்டு போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கு அடியிலும் மேலும் ரெண்டு கோட் அடித்து, காயவிட்டு, திரும்ப முறுக்கினேன். எந்த வேலையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன் நான்.

திங்கட்கிழமை காலை, 'டக்'.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ்ஸுக்கு ஓடினேன். ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "கார் என்னாச்சு டீச்சர்?" என்றார் ஒருவர். கேட்டதுதான் தாமதம். "கூனிமேட்டு பாய்கிட்ட குடுத்தேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்! செல்ஃபுல இருந்த நல்ல சாமான உருவிட்டு ஓட்டை சாமான மாட்டி அனுப்பிட்டாரு" என்று வெளுத்து வாங்கினேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கணவர் கேட்டார்: "நீ என்னடி சொல்லி வச்ச? லாரிக்காரன் ஒருத்தனும் பாய்கிட்ட போறதில்லையாம். எல்லாம் பாண்டிக்குப் போறானுங்க."

மறுநாள் காலையில் பாயே சைக்கிளில் வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. "வண்டியக் காட்டுங்க டீச்சர். நீங்க இங்கியே நின்னு பாருங்க" என்றார். தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை இன்ஜினிலும் பிடித்தார். "சாவியத் திருப்புங்க." வண்டி உடனே உறுமியது. அணைக்கச் சொல்லிவிட்டுச் செம்புப் பட்டையைக் கழற்றினார். அடியில் செக்கச்செவேலென்று ரெட் ஆக்சைடு.

"இத யாரு அடிச்சது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. "நான்தான் பாய். துரு புடிக்காம இருக்கட்டும்னு..."

"பெயிண்ட்ல கரண்டு போவாது டீச்சர்." சுரண்டினார், தேய்த்தார், முறுக்கினார், மேலே கிரீஸ் தடவினார். காசு வாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே காரை டீக்கடை வாசலில் நிறுத்தினேன். "தப்பு என்னோடது. நானே பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தேன். பாய் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு லாரிக்காரர் சிரித்தார். "ஒங்களுக்குப் பெரிய மனசு டீச்சர். விடுங்க, எங்க வண்டியிலயும் கை வச்சிருக்கான்."

"எந்தச் சாமான எடுத்தாரு? சொல்லுங்க."

அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் டைனமோ என்றார், இன்னொருவர் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் என்றார். நான் போட்ட ஒரு பொய்க்கு அவர்கள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். நாலு நாள் தொடர்ந்து போய்த் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக லாரிகள் கூனிமேட்டுக்குத் திரும்பின. எல்லாம் திரும்பவில்லை.

2006-இல் ஹாரன் வேலை செய்யவில்லை என்று பாயிடம் போனேன். போன முறை போலவே எதிர்க்கடை நிழலுக்கு நடந்தேன்.

"டீச்சர்." ஷெட்டுக்குள் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் கிடந்தது. "இங்க உக்காருங்க. இப்ப யார் வந்தாலும் இங்கதான். கழட்டுறத, மாட்டுறதக் கண்ணால பாத்துடுங்க."

"எனக்கு எதுக்கு பாய் சேரு? ஒங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லையா?"

"ஒங்களுக்கில்ல டீச்சர், எனக்கு."

ஷெட்டின் திறந்த பக்கம் வழியாக வெயில் நேராக முகத்தில் அடித்தது. வேலை முடியும் வரைக்கும் நான் அந்தச் சேரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.