ஓடையில் தண்ணீர் திரும்பியபோது

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாத நீண்ட வார இறுதி விடுமுறையில் இது நடந்தது. நாங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறோம். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. எனக்கும் கணவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது அரிது. அந்த முறை கிடைத்தது. வெம்பிளியில் இருக்கும் கணவரின் அக்காவும் அவரின் கணவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன், அவரின் கணவரை அண்ணை என்பேன். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஆறு மணி நேரம் வடக்கே ஓடி, ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இரண்டு கரவன் வண்டி வீடுகள் எடுத்துத் தங்கினோம்.

மேலே சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா வள்ளத்தில் போவார். அம்மாவும் நானும் கரையோரம் முழங்கால் தண்ணீரில் மட்டிச் சிப்பியும் நண்டும் பிடிப்போம். விற்க அல்ல, வீட்டுக் கறிக்கு. கிடைக்காவிட்டால் அன்று சோறும் சம்பலும்தான். கணவரின் குடும்பம் தோட்டம் துரவு உள்ளவர்கள். கடற்கரை ஆட்களோடு சம்பந்தம் வைக்காதவர்கள். நாங்கள் லண்டனில் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். கல்யாணத்துக்கு முதல் நாள் கணவர், "ஆரும் ஊரைக் கேட்டால் யாழ்ப்பாண டவுன் எண்டு சொல்லும்" என்றார். நானும் இருபது வருடம் அப்படியே சொன்னேன்.

சொன்னது மட்டுமல்ல, அப்படியே நடந்தும் கொண்டேன். மீன் கடையில் செவுளைப் பார்த்தாலே எத்தனை நாள் மீன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சாளோடு போனால், எது நல்லது என்று அவரைக் கேட்பேன். ஒருமுறை அவர் எடுத்த மீன் பழுது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அன்றிரவு எல்லோருக்கும் வயிறு குழம்பியது. அதை நினைத்துப் பிறகு தனியே சிரித்தும் இருக்கிறேன்.

அந்த ஊரில் இரண்டாம் நாள் காலை. கடல் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈர மணலாகக் கிடந்தது. எங்கள் ஊரில் கடல் இப்படி வற்றி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் நித்திரை. நாங்கள் நால்வரும் மணலில் நடந்தோம். வழியில் இடுப்பளவு ஆழமான ஓர் ஓடைப் பள்ளம். அடியில் கணுக்கால் தண்ணீர் மட்டும் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனால், அந்த ஊர்க் குடும்பம் ஒன்று மட்டி வாரிக்கொண்டிருந்தது. தகப்பன், தாய், வளர்ந்த இரண்டு பெண்கள், ஒரு பழைய ட்ராக்டர்.

விற்கவா என்று அண்ணை கேட்டார். இல்லை, வீட்டுக்குத்தான் என்றார் அந்தத் தாய். மட்டி, இறால், வலையில் படுகிற மீன் என்று வருடத்தில் பாதிச் சாப்பாடு இங்கிருந்துதான் வருகிறது என்றார். அதை அவர் சொன்ன விதத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். யார் கேட்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. எங்களுக்கும் இரண்டு கை நிறைய அள்ளித் தந்தார். அவர்கள் ட்ராக்டரில் ஏறும்போது, "நாங்கள் போகும்போது நீங்களும் வந்துவிடுங்கள், தண்ணீர் பின்பக்கத்தால் வரும்" என்று சொன்னார்.

அவர்கள் போனதும் அண்ணை சிரித்தார்.

"நாங்கள் அள்ளிப் போட்டால் தங்களுக்கு இல்லாமல் போயிடுமெண்டு பயம். கடல் அங்கை கிடக்கு, இவ பின்பக்கத்தாலை வருமெண்டுறா. வாங்கோ, அங்காலை இன்னும் இருக்கும்."

ஓடையை ஒட்டியே இன்னும் தள்ளிப் போனோம். மற்ற மூவரும் கையால் கிளறினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். குதிக்காலை மணலில் திருகினால் மட்டி காலில் தட்டுப்படும். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது. கொஞ்ச நேரத்தில் என் பை நிறைந்துவிட்டது. மச்சாள் நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கென்ன, காலிலை கண் இருக்கோ? ஊரிலை இதுதான் தொழிலோ?"

அண்ணை, "விடுமப்பா, இண்டைக்குக் கறிக்கு அவதான் ஆள்" என்றார். மூவரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு, மட்டி தேடத் தெரியாதவள் போல ஒரு பக்கமாகக் குந்தினேன்.

அப்போதுதான் தாண்டி வந்த ஓடையைப் பார்த்தேன். அதில் நுரை மிதந்து போனது. கடலை நோக்கி அல்ல, கரையை நோக்கி. தண்ணீர் திரும்பிவிட்டது. எங்களுக்கு முன்னால் கடல் இன்னும் தூரத்தில் கிடந்தது. பின்னால் ஓடை நிரம்பிக்கொண்டிருந்தது. கடல் பெருக்கு வருகிறது என்று ஐந்து வயதில் இருந்து பழகிய கண்ணுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"குளிருது, போவமே" என்று மட்டும் சொன்னேன்.

"இப்பதானே வந்தனாங்கள்" என்றார் மச்சாள்.

என் முகம் ஏதோ மாதிரி இருந்திருக்க வேண்டும். கணவர் கிட்ட வந்து, "என்ன?" என்று மெல்லக் கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். நுரையைப் பார்த்து எப்படித் தெரியும் என்று மச்சாள் அடுத்துக் கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்ற யோசனைதான் எனக்குள் ஓடியது. எங்கள் ஊரில் பெருக்கு மெதுவாக வரும், முழங்காலுக்கு மேல் ஏறாது, அதனால் நேரம் இருக்கிறது என்றும் நினைத்தேன். இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாட்டுக் கடல் எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் திரும்பியது தெரியும்.

பத்து நிமிடம் இருக்கும். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்து, "எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வாங்கோ" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. ஓடைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்து, இழுத்துக்கொண்டு ஓடியது.

கையைக் கோத்துப் பிடிக்கச் சொன்னேன். காலைத் தூக்காமல் இழுத்து வைக்கச் சொன்னேன். மச்சாளைக் கணவர் பிடித்தார். அண்ணையை நான் பிடித்தேன். அண்ணை இந்தப் பயணத்துக்கென்று முழங்கால் வரையான ரப்பர் பூட்ஸ் புதிதாக வாங்கி வந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "நேரமில்லை பிள்ளை" என்று இறங்கிவிட்டார். நடு ஓடையில் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தது. கீழே சேறு பிடித்துக்கொண்டது. என் கையில் இருந்து அவர் கை வழுகியதும் அவர் தலை தண்ணீருக்குள் போனதும் ஒன்றாக நடந்தன.

கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த, மட்டி வாரிய குடும்பத்தின் தகப்பன் ட்ராக்டரில் வந்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அண்ணையை இழுத்து எடுத்தார். மூச்சு இருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அவர் மனைவி எங்களுக்குத் தன் வீட்டுப் போர்வைகளைச் சுற்றிவிட்டார். "நீங்கள் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும், என் பிழை" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். எச்சரித்துவிட்டுப் போன அவர் பிழை என்கிறார். நான் அவர் போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நெஞ்சுக்குள் தண்ணீர் போய்க் காய்ச்சலாகி, ஒன்பதாம் நாள் அண்ணை ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். ஏற்கெனவே இதய வருத்தக்காரர், தாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று வெம்பிளி வீட்டுக் குசினியில் மச்சாளும் நானும் மட்டும் நின்றோம். அவர் திரும்பாமலே கேட்டார்.

"தண்ணி ஏறுறது உமக்கு முதலே தெரிஞ்சதோ?"

"ஓம் மச்சாள்."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"என்ரை ஊர் உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயந்திட்டன்."

அவர் கையில் இருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார், அடிக்கவும் கூடும் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உம்மடை ஊர் கலியாணம் முடிஞ்ச வருஷமே எங்களுக்குத் தெரியும். முதலிலை எனக்குப் பிடிக்கேல்லைத்தான். என்ரை மனிசன்தான் சொன்னது, அந்தப் பிள்ளை மறைக்குது, நாங்கள் கேட்டு நோகடிக்கக் கூடாதெண்டு. அண்டைக்கு மணலிலை வாய் தவறிக் கேட்டிட்டன்."

மீதிப் பாத்திரங்களை இருவரும் கழுவி முடித்தோம். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கணவரும் நானும் அந்த நாளைப் பற்றிக் கதைப்பதில்லை. "ஒண்டுமில்லை" என்று நான் சொன்னது அவருக்கும் ஞாபகம் இருக்கும், டவுன் என்று சொல்லச் சொன்னதும் ஞாபகம் இருக்கும்.

இப்போது வேலையிடத்திலோ கோயிலிலோ யாராவது ஊரில் எவடம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுருங்குவது தெரியும். பெரும்பாலானவர்கள் "அப்படியோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே அன்று பத்து நிமிடம் பேசாமல் இருந்தேன் என்று, அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.