வெட்டியவரே சாட்சிக்கு வந்தார்

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்கு ஒரு சாட்சி வந்தார். அன்றிலிருந்து எது சட்டம், எது நியாயம் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களிடம் கொட்டிவிட்டால் கொஞ்சம் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

முதலில் சுடலைமுத்துவைச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வருடமாகச் சட்டை தைப்பவர். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர், சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம் போகும் பஸ் நிற்கிற ஏதோ ஒரு ஊர். அதற்கு மேல் கேட்காதீர்கள்.) சில மாதங்களுக்கு முன் இந்தப் பக்கம் நாலைந்து ஊர்களில் அடிதடி நடந்ததல்லவா... அவர் ஊரிலும் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் மூண்டுவிட்டது. குளத்து மடை திறப்பதில் ஆரம்பித்ததாம். விலக்கிவிடப் போன சுடலைமுத்துவின் வலது கையில் அரிவாள் வெட்டு.

அன்று சாயங்காலமே ஊர் கூடிச் சமாதானம். கோவில் முன்னால் சூடம் கொளுத்தி, இரண்டு தெருக்காரர்களும் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள் — எதிர்த் தெருக்காரன் எவனையும் போலீசில் காட்டிக்கொடுப்பதில்லை என்று. கோர்ட்டு, வாய்தா என்று அலைந்து பேரன் காலம் வரை பகை வளர்ப்பானேன் என்பது அவர்கள் நினைப்பு. வெட்டுப்பட்ட கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுடலைமுத்துவும் சூடம் அணைத்தார். இடது கையால். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே போனார்.

“மாடு முட்டிட்டு சார்” என்றாராம் டாக்டரிடம்.

“கொம்பைப் பட்டறையில குடுத்துத் தீட்டி வச்சிருந்தியளோ?” என்று கேட்டுவிட்டு, டாக்டர் அவர் சொன்னதையே எழுதித் தையல் போட்டார்.

காயம் ஆறியது. கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாத தையல்காரர் என்ன செய்வார்? ஆபரேஷன் செய்தால் மடங்கும், தள்ளிப்போட்டால் அப்படியே நின்றுவிடும் என்று திருநெல்வேலியில் சொல்லிவிட்டார்கள். அங்கே தங்க, மருந்து வாங்க, அதுவரை வீட்டில் அடுப்பு எரிய... கையில் காசு வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் அரசாங்க அறிவிப்பு வந்தது. கலவரத்தில் காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை. பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, நீங்க பத்திரிகையில எழுதுதவுக. ஒரு மனு எழுதித் தாங்க. நம்ம விரலு மடங்கிரும்.”

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நானே அவர்கூடத் தாலுகா ஆபீசுக்கும் போனேன். அங்கே அதைப் பார்க்கிற அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, முழுவதும் படித்தார்.

“மனு சரிதான் சார். ஆனா ஆஸ்பத்திரிச் சீட்டுல மாடுன்னுல்லா இருக்கு? மனுஷன் வெட்டினாத்தான் உதவி. மாடு முட்டினதுக்கு ஜி.ஓ. கிடையாது. யாரு வெட்டினதுன்னு நேர்ல பாத்த சாட்சி ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும், மேல அனுப்புதேன்.”

சாட்சிக்கு எங்கே போவது? பார்த்தவர்கள் நூறு பேர். நூறு பேரும் சூடம் அணைத்தவர்கள். சரி, அவ்வளவுதான் என்று நான் கையைக் கழுவிவிட்டேன். கழுவியிருக்கக் கூடாது. ஆனால் வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆள் வந்தார். பெயர் பரமசிவம் என்று வைத்துக்கொள்வோம். கீழத்தெரு. சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

“சுடலைமுத்துக்கு நான் சாட்சி சொல்லுதேன். எழுதுங்க சார்.”

“கிட்டே இருந்து பார்த்தீர்களா?”

“ஒரு அருவா நீளத்துல.”

எனக்குப் பேனா ஓடவில்லை. வெட்டியதே இவர்தானா? சத்தியம் என்ன ஆவது என்று கேட்டேன்.

“எதிர்த்தெருக்காரனக் காட்டிக்குடுக்க மாட்டோம்னுதான் சத்தியம். என்னைய நானே காட்டிக்குடுத்தா எந்தச் சாமி கேக்கப் போவுது? நான் ஓங்குனது வேற ஆளுக்கு. இவரு நடுவுல வந்துட்டாரு. அந்த விரலப் பாக்கும்போதெல்லாம் சோறு இறங்க மாட்டேங்கு சார்.”

எழுதிக் கொடுத்தேன். செய்தது சரியா? இன்னும் குழப்பம்தான். மறுநாள் மூன்று பேருமாக ஆபீசுக்குப் போனோம். அதிகாரி சாட்சியின் தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு சுடலைமுத்துவைப் பார்த்தார்.

“இத நான் வாங்கிட்டேன்னா ஸ்டேஷனுக்குப் போவும். உமக்கு ரூவா வரும். இவரு உள்ள போவாரு. என்ன சொல்லுதீரு?”

சுடலைமுத்து தன் விரலைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடட்டுமே என்று என் மனம் அடித்துக்கொண்டது. மறைப்பானேன், வேண்டாம் என்று சொல்லட்டும் என்றும் அதே மனம் அடித்துக்கொண்டது.

“இவரு உள்ள போயிட்டா இவரு வீட்டுல மூணு பிள்ளைய இருக்கு சார். அதுகளுக்கு நிவாரணம் உண்டுமா?”

“அதுக்கு ரூல் இல்லையே.”

“அப்ப அதத் திருப்பிக் குடுத்திருங்க” என்று அந்தத் தாளை வாங்கி, இடது கையாலேயே கசங்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பரமசிவத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன்வே, நான் கேட்டனா உம்மகிட்ட? நான் பாட்டுக்கு உள்ள போயிட்டு வாரேன்” என்று வராந்தாவிலேயே சத்தம் போட்டார். “சும்மா வாரும்வே” என்றார் இவர். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு ஆத்திரம். யார் மேல்? அதுதான் தெரியவில்லை. அதிகாரி விதியை மீறவில்லை. பரமசிவம் ஒளியவில்லை. சுடலைமுத்து செய்ததைத் தப்பென்று சொல்ல என் நாக்கு எழாது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் ஒரு கட்டைவிரல் மடங்காமலே போகப் போகிறதே... இது எந்த ஊர்க் கணக்கு?

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சுடலைமுத்து இடது கையைப் பைக்குள் விட்டுச் சில்லறை துழாவுவதற்குள், பரமசிவம் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

அந்த எழுபத்தைந்து பைசா டிக்கெட்தான், வலது கைக்கு இதுவரை வந்திருக்கும் நஷ்டஈடு.